ஐம்பது தாண்டியவர்களுக்கு லாஷ் லிஃப்ட்: பார்லரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு பார்லர் வைத்திருக்கிறேன். லாஷ் லிஃப்ட் கற்றுக்கொண்டு வந்து வாசலில் போர்டு மாட்டியபோது காலேஜ் பெண்கள்தான் வருவார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள்தான். ஆனால் அவர்களைவிட அவர்களுடைய அம்மாக்களும் பெரியம்மாக்களும்தான் அதிகம் வந்தார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர்கள், ரிட்டயர் ஆன டீச்சர்கள், குடியாத்தத்திலிருந்தும் வாலாஜாவிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள். பாதிப் பேர் சொன்ன காரணம் ஒன்றுதான்: கண்ணாடி போட்டால் மை இட முடியவில்லை, கண்ணாடியைக் கழற்றினால் கண்ணே தெரியவில்லை. நியாயமான காரணம். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். வருகிறவர்களில் சிலரைச் செய்யாமலே திருப்பி அனுப்புகிறேன், அதற்கான காரணமும் இதில் இருக்கிறது.

லாஷ் லிஃப்ட் என்றால் என்ன? ஒட்டு முடி வைப்பதா?

இல்லை. ஒட்டு முடி வைப்பது எக்ஸ்டென்ஷன், அது வேறு வேலை. ஒவ்வொரு முடியிலும் பசை தொட்டு இன்னொரு முடியை ஒட்டுவார்கள். மெலிந்த முடிக்கு அந்தப் பாரம் ஆகாது என்பதால் வயதானவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. லாஷ் லிஃப்டில் உங்கள் சொந்த ரெப்பை முடியைத்தான் வேரிலிருந்து மேல் நோக்கி வளைத்து நிறுத்துகிறோம்.

ஒரு காலத்தில் தலைமுடிக்குப் பெர்ம் போட்டுச் சுருட்டிக்கொண்டு திரிந்தார்களே, கெமிஸ்ட்ரி அதேதான். முடி என்பது கெரட்டின் என்ற புரதம், அதற்குள்ளே கந்தகப் பிணைப்புகள் இருந்துகொண்டு முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. முதல் லோஷனில் பெரும்பாலும் தயோகிளைகாலிக் அமிலத்தின் உப்பு இருக்கும், இப்போது சிஸ்டியமின் வகையும் வருகிறது. அது இந்தப் பிணைப்பைத் தளர்த்திவிடும். வளைந்த சிலிகான் பேடின் மேல் முடி படிந்திருக்கும்போதே இரண்டாவது லோஷனைப் போட்டால் (ஹைட்ரஜன் பெராக்சைடோ சோடியம் புரோமேட்டோ இருக்கும்) பிணைப்பு புது வளைவிலேயே மறுபடி பூட்டிக்கொள்ளும். முடி நீளமாகாது, எண்ணிக்கையும் கூடாது. கீழே பார்த்துக் கிடந்தது மேலே பார்ப்பதால் நீளமாகத் தெரியும், அவ்வளவுதான்.

வயதானால் ரெப்பை முடிக்கு என்ன ஆகிறது?

தலைமுடிக்கு ஆவதுதான். மேல் இமையில் சுமார் 90 முதல் 150 முடி வரை இருக்கும், கீழ் இமையில் அதைவிடக் குறைவு. ஒவ்வொன்றும் சில வாரம் வளர்ந்து, நின்று, ஓய்வெடுத்து, உதிர்ந்து, அந்த இடத்தில் புதுசு முளைக்கும். வயது ஏற ஏற வளரும் காலம் குறுகுவதால் முடி குட்டையாகவும் மெல்லிசாகவும் ஆகிறது, நிறமும் வெளுக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு பலருக்கு இது பளிச்சென்று தெரிய ஆரம்பிக்கும். கூடவே மேல் இமைத் தோல் தளர்ந்து இறங்குகிறது, முடியும் முன்னைப்போல நிமிர்ந்து நிற்காமல் கீழே சாய்கிறது.

"எனக்கு ரெப்பையே இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவரின் இமைத் தோலை விரல் நுனியால் லேசாக மேலே தள்ளிப் பார்த்தேன். உள்ளே ஒரு வரிசை ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது, பாவம், இத்தனை வருஷமாகத் தோல் மடிப்புக்குள் ஒளிந்துகொண்டு.

எனக்கு 62 வயது. எனக்குப் பொருந்துமா?

வயது எனக்குப் பிரச்சினை இல்லை, கண்தான் பிரச்சினை. வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஜன்னல் பக்கம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, புருவத்தைத் தூக்காமல் (இதுதான் கஷ்டம், நாமெல்லாம் தெரியாமலே நெற்றியைச் சுருக்கிப் புருவத்தைத் தூக்கி வைத்திருப்போம்) நேராகப் பாருங்கள். இமை ஓரத்துக்கும் மேல் தோல் மடிப்புக்கும் நடுவில் கொஞ்சமாவது இடைவெளி தெரிந்தால் லிஃப்ட் நன்றாக வரும். முடி கீழ் நோக்கிச் சாய்ந்திருந்தால் இன்னும் அழகாக வித்தியாசம் தெரியும், எனக்கு ரொம்பப் பிடித்த கேஸ் அதுதான்.

தோல் மடிப்பு முடியின் மேலேயே உட்கார்ந்திருந்தால் யோசிக்க வேண்டும். தூக்கி வைத்த முடியின் நுனி போய் அந்தத் தோலில் முட்டும், நாள் முழுக்க நமநமவென்று இருக்கும், தோலின் எண்ணெய்ப் பசை பட்டு வளைவும் சீக்கிரம் போய்விடும். லேசான மடிப்பு என்றால் வேரில் மட்டும் நிமிர்த்தி நுனியை அதிகம் சுருட்டாமல் செய்யலாம். மடிப்பு கனமாக இருந்தால் காசு வாங்க எனக்கு மனசு வராது. லிஃப்ட் முடியைத் தூக்கும், இமையைத் தூக்காது.

இமை இறங்கிக் கருவிழியையே மறைக்கிற அளவு இருந்தால் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும், அதற்கு ஆபரேஷன் இருக்கிறது. திடீரென்று ஒரு கண் இமை மட்டும் தொங்கிவிட்டது, கூடவே தலைவலி, இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பார்லரில் அப்பாயின்ட்மென்ட் கேட்கிற விஷயம் இல்லை அது.

செய்யும்போது என்ன நடக்கும்? எவ்வளவு நேரம்?

முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். அவ்வளவு நேரமும் கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து படுத்திருக்க வேண்டும். இளசுகளுக்கு இது தூக்கம், நமக்கு முழங்கால் வலி. அதனால் காலுக்கடியில் ஒரு தலையணை வைப்பேன். நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் சாப்பிட்ட உடனே வர வேண்டாம். பாத்ரூம் போய்விட்டு வந்து படுங்கள், நடுவில் எழ முடியாது. இருமலோ சளியோ இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

முதலில் கண்ணைச் சுத்தமாகத் துடைப்பேன், மையெல்லாம் போக வேண்டும். கீழ் இமை முடியை ஜெல் பேடால் மூடி ஒட்டிவிடுவேன். பிறகு மேல் இமையின் மேல் பிறை மாதிரி ஒரு சிலிகான் பேட் உட்காரும். அதன் மேல் தண்ணீரில் கரையும் பசை கொஞ்சம் தடவி, உங்கள் முடிகளை ஒவ்வொன்றாகச் சீப்புக் குச்சியால் மேலே இழுத்துப் படிய வைப்பேன். நேரம் போவதே இதில்தான். இரண்டு முடி பின்னிக்கொண்டால் அப்படியே பின்னினபடி செட் ஆகிவிடும், ஆறு வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளை முடி வெள்ளைப் பேடின் மேல் கண்ணுக்கே தெரியாது, அதற்காகவே நீலக் கலர் பேட் வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்புறம் முதல் லோஷன். வேரிலிருந்து பாதி முடி வரைதான், நுனிக்குப் போகக் கூடாது, தோலில் படவே கூடாது. மருந்தைப் பொறுத்தும் முடியைப் பொறுத்தும் சில நிமிஷம். துடைத்துவிட்டு இரண்டாவது லோஷன். அதையும் துடைத்துவிட்டுக் கடைசியில் கெரட்டினோ எண்ணெயோ சேர்ந்த ஒரு சீரம். ஈரப் பஞ்சால் பசையைக் கரைத்துப் பேடை எடுத்தால் முடிந்தது. லோஷனுக்கு முட்டை அழுகின மாதிரி ஒரு வாடை இருக்கும். கந்தகம் சேர்ந்தது, பயப்பட வேண்டாம்.

எரியுமா?

எரியக் கூடாது. கண்ணை மூடி வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. எரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காமல் வாயைத் திறந்து சொல்லுங்கள். நம் அம்மாக்களுக்குப் பொறுத்துக்கொள்வதே பழக்கம், "பரவாயில்ல கண்ணு, நீ பாரு" என்பார்கள். இதில் அது ஆகாது. உடனே துடைத்து, நிறையச் சுத்தத் தண்ணீர் விட்டுக் கழுவி, எரிச்சல் அடங்கவில்லை என்றால் கண் டாக்டர்.

பேட்ச் டெஸ்ட் கட்டாயமா? பொழுதன்னைக்கும் ஆட்டோ பிடித்து வர முடியுமா?

கட்டாயம். ஒரு நாளோ இரண்டு நாளோ முன்னால் வந்து காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு போக வேண்டும். சிவந்தாலோ அரித்தாலோ செய்ய மாட்டேன். ஆட்டோ செலவைவிடக் கண் முக்கியம். பால் வாங்கவோ வங்கிக்கோ இந்தப் பக்கம் வருகிற நாளில் எட்டிப் பாருங்கள், ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

கண்புரை ஆபரேஷன் ஆயிருக்கிறது. சர்க்கரை இருக்கிறது. கண்ணில் சொட்டு மருந்து விடுகிறேன். செய்யலாமா?

மூன்றும் மூன்று விதம்.

கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். சொட்டு மருந்தெல்லாம் முடிந்து, கடைசி செக்கப்பும் ஆகி, சில மாதம் போனபிறகுதான் நான் கை வைப்பேன். ஆபரேஷனுக்கு முன்னால் அழகாகச் செய்துகொள்ளலாம் என்று சிலர் வருகிறார்கள், அதுவும் வேண்டாம், தேதி குறித்தாகிவிட்டால் கண்ணை அதன் பாட்டுக்கு விடுங்கள்.

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் தடை இல்லை. அடிக்கடி கண்கட்டி வருகிறது, இமை ஓரத்தில் பொடுகு மாதிரி செதில் ஒட்டியிருக்கிறது, காலையில் கண் பீளையோடு ஒட்டிக்கொள்கிறது என்றால் அது இமை அழற்சி, முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். முடி வேரில் டெமோடெக்ஸ் என்று கண்ணுக்குத் தெரியாத பூச்சி வாழும், வயதாக ஆக அது அதிகம். கேட்டதும் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோரிடமும் இருப்பதுதான், அளவு மீறினால்தான் தொல்லை.

கண் வறட்சி மாதவிலக்கு நின்ற பெண்களுக்குச் சாதாரணம். மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, காற்று பட்டால் தண்ணியாய் ஊற்றுகிறது என்றால் அதுவும் வறட்சிதான், நம்ப மாட்டீர்கள். அது அடங்கிய பிறகு வாருங்கள். ஊரில்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சம் இல்லையே, ஆரணி ரோட்டில் சி.எம்.சி.யின் ஷெல் கண் ஆஸ்பத்திரி எத்தனை வருஷமாக இருக்கிறது.

சொட்டு மருந்து விஷயத்தில் ஒரு வேடிக்கை. ஒரு அம்மா வந்தார், வலது கண்ணில் ரெப்பை முடி நீளமாக, கறுகறுவென்று, பொம்மைக்கு வைத்த மாதிரி. இடது கண்ணில் நாலு முடி. "இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கம் மாதிரி பண்ணும்மா" என்றார். விசாரித்தால் வலது கண்ணில் மட்டும் பிரஷர், குளுகோமாவுக்கு ராத்திரி ஒரு சொட்டு விடுகிறார். லட்டானோபிராஸ்ட், பிமட்டோபிராஸ்ட் வகைச் சொட்டுகள் ரெப்பை முடியை வளர்த்துக் கறுப்பாக்கும். அந்தப் பக்கத்துக்கு லிஃப்ட் தேவையே இல்லை. இடது பக்கத்துக்கு மட்டும் செய்தாலும் இரண்டும் ஒன்றாகாது என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பினேன்.

அப்படியானால் அந்தச் சொட்டை வாங்கி நானும் தடவலாமே?

எல்லோரும் அடுத்த கேள்வி இதைத்தான் கேட்கிறார்கள்! பிமட்டோபிராஸ்ட் 0.03 சதவீத மருந்தை ரெப்பை முடி வளர்ப்பதற்கென்றே 2008-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள், மேல் இமை ஓரத்தில் தினம் ராத்திரி தடவ வேண்டும். வேலை செய்யும், விட்டால் பழைய நிலைக்கே வந்துவிடும். ஆனால் இமைத் தோல் கறுக்கலாம், கண் சிவக்கலாம், கருவிழியின் நிறம் நிரந்தரமாக அடர்த்தியாகலாம், கண்ணைச் சுற்றிய கொழுப்பு வற்றிக் கண் குழி விழுந்த மாதிரியும் ஆகலாம். வயதானவர்களுக்கு ஏற்கெனவே அங்கே வற்றித்தான் இருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் வாங்குங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள், பக்கத்து வீட்டு மாமியின் பாட்டிலில் பங்கும் கேட்காதீர்கள்.

விளக்கெண்ணெய் தடவினால் வளருமா?

பாட்டி காலத்திலிருந்து தடவுகிறோம். முடி வறண்டு உடையாமல் இருக்கும், பளபளப்பாகத் தெரியும். புதுசாக முளைக்க வைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பிடித்தால் தடவுங்கள், பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தொட்டாற்போல, கண்ணுக்குள் வழியாமல். லிஃப்ட் செய்வதற்கு முந்தின இரண்டு நாளும் பிந்தின இரண்டு நாளும் மட்டும் வேண்டாம், எண்ணெய் இருந்தால் லோஷன் பிடிக்காது.

கண்மையும் சுர்மாவும் இதில் சேர்த்தி. கடைச் சுர்மாவில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, பழைய சுர்மாவின் மூலப்பொருளே பல சமயம் ஈயச் சல்பைடுதான். மேல்விஷாரத்திலிருந்து வரும் கஸ்டமர் ஒருவர் தன் மாமியார் தந்த வெள்ளிச் சுர்மாதானியைக் காட்டினார், என்ன அழகு! பாத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பதைத் தூக்கிப் போடுங்கள் என்றேன். சிரித்தார், போட்டாரா என்று தெரியாது.

ரெப்பை வெளுத்துவிட்டது. டை அடிக்கலாமா?

இதில் நான் கொஞ்சம் கறார். வீட்டில் இருக்கும் தலைமுடி டை பாக்கெட்டை எடுத்து அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டுதான். இந்தியச் சட்டப்படி அதில் ஒரு எச்சரிக்கை அச்சடித்தே ஆக வேண்டும்: இதைக் கண்ணிமை முடிக்கோ புருவத்துக்கோ பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தினால் பார்வை போகலாம். கறுப்பு டையில் இருக்கும் பாரா ஃபீனைலீன் டையமீன்தான் காரணம். சும்மா பயமுறுத்துகிற வார்த்தை இல்லை. 1933 வாக்கில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்று ஒரு ரெப்பை டை விற்றார்கள், அதில் இந்த வகைச் சாயம்தான். பெண்களுக்குக் கண் புண்ணாகிப் பார்வை போனது, ஒரு உயிரும் போனது. அழகு சாதனப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் 1938-ம் ஆண்டுச் சட்டம் அங்கே வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ரெப்பைக்கென்றே தனி டின்ட் விற்கிறார்கள். அதிலும் அலர்ஜிக்கு வாய்ப்பு உண்டு, தலைக்கு டை அடித்து ஒருமுறையாவது அரித்தவர்களுக்கு நான் தொடவே மாட்டேன். இத்தனை வருஷம் டை அடித்தும் ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். அலர்ஜி சொல்லிக்கொண்டு வருவதில்லை, பதினைந்து வருஷம் ஒத்துக்கொண்டது பதினாறாவது வருஷம் ஒத்துக்கொள்ளாமல் போகும். என் கருத்து: லிஃப்ட் மட்டும் செய்துகொண்டு, விசேஷத்தன்று சாதாரண மஸ்காரா ஒரு கோட் போட்டால் போதும், ராத்திரி கழுவிவிடலாம்.

எனக்குத் தூக்குவதற்கு முடியே இல்லை. திடீரென்று கொட்டிவிட்டது.

அப்போது லிஃப்ட் பற்றிப் பேச வேண்டாம், ஏன் கொட்டியது என்று பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தால் கொட்டும், புருவத்தின் வெளி ஓரமும் சேர்ந்து போகும். வட்டவட்டமாகப் போனால் புழுவெட்டு. இமை ஓரத்தில் ஒரே இடத்தில் முடி போய் அங்கே ஒரு கட்டியோ ஆறாத புண்ணோ இருந்தால் உடனே காட்டுங்கள், அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். கீமோ எடுத்தவர்களுக்கு முடி கொட்டும், சிகிச்சை முடிந்த சில மாதத்தில் பெரும்பாலும் திரும்ப வரும், நன்றாக வளர்ந்து பழைய பலம் வந்தபிறகு டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

புருவமும் ரெப்பையும் உதிர்வது தொழுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். தோலில் உணர்ச்சியில்லாத தேமலோ முகத்தில் தடிப்போ கூட இருந்தால் கூச்சப்படாமல் போய்க் காட்டுங்கள். மாத்திரையில் குணமாகும் வியாதி அது, இதற்கென்றே 1955-லிருந்து கரிகிரியில் ஆஸ்பத்திரி நடக்கிற ஊர்க்காரர்கள் நாம், நமக்கு வெட்கம் எதற்கு.

எத்தனை நாள் நிற்கும்? கல்யாணத்துக்கு எவ்வளவு முன்னால் செய்வது?

ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரம். வளைத்த முடி உதிர்ந்து புது முடி அதன் இஷ்டத்துக்கு முளைக்கும்போது வளைவு கலைந்துவிடும். எட்டு வாரத்துக்குள் மறுபடி செய்யச் சொன்னால் மாட்டேன், லோஷன் பட்ட முடியிலேயே திரும்பப் பட்டால் உடையும்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் செய்தால் சரியாக இருக்கும். ஆனால் முதல் தடவை என்றால் கல்யாண வாரத்தில் விஷப்பரீட்சை வேண்டாம். ஆவணியில் முகூர்த்தம் என்றால் ஜூன் மாத ஆரம்பத்திலேயே ஒருமுறை செய்து பாருங்கள், ஒத்துக்கொண்டால் முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் மறுபடி. ஆடியில் விசேஷம் இல்லாமல் பார்லர் காற்று வாங்கும், அப்போது வந்தால் எனக்கும் நிதானமாகச் செய்ய நேரம் இருக்கும்.

செய்த பிறகு என்னென்ன கூடாது?

முதல் 24 மணி நேரம் தண்ணீர், ஆவி, எண்ணெய், கண்ணைக் கசக்குவது எதுவும் கூடாது. 48 மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. கேட்க லேசு, நம் வீடுகளில் நடப்பது வேறு. இட்லிப் பானையைத் திறக்கும்போது முகத்தை அதன் மேலேயே வைப்போம். அன்றைக்கு ஒருநாள் வேறு யாராவது திறக்கட்டும், அல்லது வாணியம்பாடிக்காரர் கடையில் வாங்கிச் சாப்பிடுங்கள். செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் அந்த வெள்ளி மட்டும் எண்ணெயை விட்டுவிட்டுச் சனிக்கிழமை வாருங்கள், அடுத்த செவ்வாய்க்குள் எல்லாம் செட் ஆகியிருக்கும். கழுத்துக்குக் கீழே குளித்து, முகத்தை ஈரத்துணியால் கண்ணை விட்டுத் துடைத்தால் போதும். குப்புறப் படுக்காதீர்கள்.

வெயில் இருக்கிறதே வெயில், அதுதான் வேலூரில் பெரிய எதிரி. கத்திரியில் 40 டிகிரி தாண்டும் ஊரில் வியர்வை கண்ணுக்குள் வழியாமல் இருக்குமா? சித்திரை, வைகாசியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் இதற்கு நேரம் கொடுக்கிறேன், வீட்டுக்குப் போய் ஃபேனடியில் உட்கார்ந்து தூங்கிவிடலாம்.

தொழுகைக்கு முகம் கழுவ வேண்டும் என்று முஸ்லிம் அம்மாக்கள் கேட்கிறார்கள். உடனே தண்ணீர் படலாம் என்று சொல்லும் புது லோஷன்களும் வந்திருக்கின்றன, முன்கூட்டியே சொன்னால் அதை வரவழைத்துச் செய்கிறேன். நான் வைத்திருக்கும் சாதாரண லோஷனில் அது முடியாது, அதனால் நாசூக்காகப் பேசி மழுப்பாமல் இல்லை என்றே சொல்லிவிடுவேன்.

இரண்டு நாள் போனால் எல்லாம் வழக்கம்போல. மஸ்காரா போடலாம், வாட்டர்ப்ரூஃப் வகை மட்டும் வேண்டாம், கழுவி எடுக்கிறேன் என்று தேய்த்தே பாதி முடி போய்விடும்.

கெட்டுப் போனால்?

கெட்டுப் போகும், என் கையிலேயே போயிருக்கிறது. ஆரம்பத்தில் என் சொந்த அத்தைக்குச் செய்தேன், வயது 58, மெல்லிய முடி. காலேஜ் பெண்ணுக்கு வைக்கிற அதே நேரம் முதல் லோஷனை வைத்துவிட்டேன், நடுவில் கரண்ட் வேறு போய் இன்வெர்ட்டர் பக்கம் ஓடினேன். பேடை எடுத்துப் பார்த்தால் நுனியெல்லாம் நெருப்புப் பட்ட மயிர் மாதிரி சுருண்டு, சில முடி பின்பக்கமாக வளைந்து இமையையே தொட்டுக்கொண்டிருந்தது. அத்தை கண்ணாடியைப் பார்த்துவிட்டு "நல்லாத்தான்டி இருக்கு" என்றார், என் முகத்தைப் பார்த்து. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதைத் திருப்பிச் சரி செய்ய வழி இல்லை. இன்னொரு லோஷன் போட்டு நேராக்குகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், மிச்சமும் உடைந்து போகும். சீரம் தடவிக்கொண்டு, அந்த முடி உதிர்ந்து புதுசு வரும்வரை இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியதுதான். இப்போது மெல்லிய முடிக்கு நேரத்தைக் குறைத்தே ஆரம்பிக்கிறேன், நடுவில் ஒரு முடியை விலக்கிப் பார்ப்பேன், போதாவிட்டால் இன்னொரு நிமிஷம். கையில் டைமர், பக்கத்தில் சார்ஜ் லைட், செல்போன் வேறு அறையில்.

ஆன்லைனில் கிட் வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளலாமா? பேத்தி செய்கிறேன் என்கிறாள்.

வேண்டாம். தன் கண்ணை மூடிக்கொண்டு தன் கண்ணுக்கே யாரும் செய்ய முடியாது. பேத்திக்குப் பாசம் இருக்கும், கைப்பழக்கம் இருக்காது. ஐரோப்பிய நாடுகளில் ரெப்பை வளைக்கும் லோஷனில் தயோகிளைகாலிக் அமிலம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதையும் தொழில் தெரிந்தவர்கள்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நம் கைக்கு வரும் கிட்டில் பாதிக்கு என்ன சேர்ந்திருக்கிறது என்றே எழுதியிருப்பதில்லை.

எவ்வளவு ஆகும்?

நான் வாங்குவது 1,500 ரூபாய், டெஸ்டுக்குத் தனியாகக் காசு இல்லை. சென்னையில் இதற்கு மேலேயே கேட்பார்கள். ஐந்நூறுக்குச் செய்கிறேன் என்றால் எந்த லோஷன், எப்போது திறந்தது, பேடை எப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேளுங்கள். திறந்த பாட்டிலும் சாஷேவும் நாள்பட்டால் வீரியம் போய்விடும். ப்ரஷ் ஒருவருக்கு ஒன்று, அதில் பேச்சே இல்லை. கண்ணில் என்ன வியாதி, என்ன மருந்து என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் படுக்கச் சொல்கிற இடத்தில் படுக்காதீர்கள்.

இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கேட்பவர் மீசைக்கு டை அடிக்கிறாரா என்று பாருங்கள்.

வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

கண் டாக்டர் சீட்டு இருந்தால் அது. மருந்துப் பெட்டியை அப்படியே எடுத்து வந்தாலும் சரி, பேர் சொல்லத் தெரியாவிட்டால் நான் படித்துக்கொள்கிறேன். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அதைக் கழற்றி வைக்க டப்பா. மை, மஸ்காரா இல்லாமல் வாருங்கள். முடிந்தபிறகு கொஞ்ச நேரம் கண் கூசும், அதனால் ஸ்கூட்டியில் தனியாக வர வேண்டாம், யாரையாவது கூட்டி வாருங்கள். மூக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள், போன மாதம் ஒரு அம்மா முடிந்ததும் கண்ணாடி முன்னால் நின்று "ஒண்ணும் தெரியலையே" என்றார், பதறிப்போய்விட்டேன். மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.